கெய்ரோவில் கைவிடப்பட்ட போர்க்குதிரைகள்

1918-ல் முதல் உலகப் போர் முடிந்ததும், எகிப்தில் இருந்த ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோனால் செலவு என்று பிரிட்டிஷ் ராணுவம் அங்கேயே விற்றுவிட்டது. கணக்குப்படி லாபம்தான்!

1930-ல் கெய்ரோவுக்கு வந்த டோரதி புரூக் என்ற பெண்மணி, அவை எலும்பும் தோலுமாகப் பாரம் இழுப்பதைக் கண்டார். 1931-ல் 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகைக்குக் கடிதம் எழுத, பிரிட்டனிலிருந்து நன்கொடை வந்தது. மூன்றே ஆண்டுகளில் சுமார் 5,000 குதிரைகளை விலை கொடுத்து வாங்கினார்.

வாங்கி என்ன செய்தார்? பெரும்பாலானவற்றை வலியில்லாமல் கொன்றார். காப்பாற்றும் நிலையை அவை தாண்டியிருந்தன. இதைக் கொடுமை என்பவர்கள், விற்றவர்களிடம் அல்லவா முதலில் கேட்க வேண்டும்?

வண்டிக்காரர்களைத் திட்டுவதும் சுலபம். ஆனால் அவர்கள் பிழைப்பே அந்தக் குதிரைதான். 1934-ல் புரூக் தொடங்கிய மருத்துவமனையில் அந்த ஏழைகளின் குதிரை, கழுதைகளுக்கு இலவசமாகவே வைத்தியம் பார்த்தார்கள்.