ஊரடங்குக் கால அன்றாட வாழ்க்கை (தமிழ்நாடு, 2020)

கொரோனா பெருந்தொற்றின் தொடக்க மாதங்களில், அதாவது 2020 மார்ச் முதல் செப்டம்பர் வரை, தமிழ்நாட்டு மக்கள் வீட்டிலும் தெருவிலும் சந்தையிலும் எப்படி வாழ்ந்தார்கள், ஒருவருக்கொருவர் எப்படிக் கைகொடுத்தார்கள், எங்கே விலகிப் போனார்கள் என்பதை இக்கட்டுரை கூறும். சிகிச்சை முறைகளும் தடுப்பூசியும் இதில் அடங்கா.

மாநிலத்தின் முதல் தொற்று மார்ச் 7 அன்று, ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர் ஒருவரிடம் உறுதியானது. மார்ச் 22 ஞாயிறன்று நாடெங்கும் சுய ஊரடங்கு கடைப்பிடிக்கப்பட்டது. மாலை 5 மணிக்கு மக்கள் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள். மார்ச் 24 மாலை 6 மணி முதல் மாநிலத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவிலேயே 21 நாள் தேசிய ஊரடங்கும் தொடங்கிவிட்டதால், மாநில உத்தரவு தனியாக நின்றது சில மணி நேரமே. மறுநாள் அதிகாலை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் முதல் மரணம் பதிவானது.

முன்வரலாறு

கொள்ளை நோய்க்கு அஞ்சி வீட்டையும் ஊரையும் அடைப்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைக் கண்டவர் உள்ளே கால் வைக்கமாட்டார். பிச்சைக்காரர்கூட அந்த வாசலில் குரல் கொடுக்காமல் போய்விடுவார். அடுப்பில் தாளிப்பு கிடையாது. நோயாளிக்கு இளநீரும் கூழும் கொடுத்து, அரிப்பெடுத்தால் வேப்பங்கொத்தால் வருடி விடுவார்கள். கொப்புளம் வாடிய பிறகு மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த நீரால் முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று முறை வைத்துத் தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டார் பொதுவில் புழங்குவதில்லை. அம்மனுக்குச் செய்யும் மரியாதையாகவே இதை எண்ணினார்கள் என்றாலும், நோயாளியை ஊரிலிருந்து பிரித்து வைக்கும் வேலையையும் அது செய்தது.

பம்பாயில் 1896இல் பரவிய பிளேக், அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் தெற்கே இறங்கியது. கோயம்புத்தூரில் அந்நோய் ஆட்களைக் கொண்டுபோன பகுதிகளில் எழுந்த பிளேக் மாரியம்மன் கோயில்களுக்கு இன்றும் பூசை நடக்கிறது. அதே பிளேக்கை முன்னிட்டு 1897இல் இயற்றப்பட்ட கொள்ளை நோய்ச் சட்டம் நான்கே பிரிவுகள் கொண்டது. 2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தன் ஊரடங்கு விதிகளுக்கு இதையே அடித்தளமாகக் கொண்டது. இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளர்களைத் தடுத்து நிறுத்தி, நோயில்லை என்று தெரிந்த பிறகே கப்பலேற விட்டார்கள். 

சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையம் 1899இல், மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கிங் என்பவர் பெயரால் அமைந்தது; அம்மைப்பால் தயாரிப்பதே அதன் தொடக்கக் காலப் பெரும்பணி. மாநிலத்தின் முதல் கொரோனா பரிசோதனைகள் அங்கேதான் நடந்தன.

வேப்பிலை 2020இலும் திரும்பி வந்தது. மார்ச் கடைசியில் பல ஊர்களில் தெருவின் இரு முனையிலும் வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள். பெண்கள் வாசலில் மஞ்சள் நீர் தெளித்தார்கள். கிராமத்து இளைஞர்கள் முள்மரத்தை வெட்டி ஊர் எல்லையில் போட்டு, வெளியார் வரக்கூடாது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள்.

உணவும் சந்தையும்

ஊரடங்கை மக்கள் தாங்கியதற்கு முதற்காரணம் ரேஷன் கடை. அரிசி அட்டை வைத்திருந்த சுமார் 2 கோடிக் குடும்பங்களுக்குத் தலா 1,000 ரூபாயும், ஏப்ரல் மாதத்துக்கு அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயில் ஆகியவை விலையில்லாமலும் கிடைத்தன. எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதிய டோக்கன் முன்கூட்டியே வீட்டுக்கு வந்தது. கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். வெயில் ஏறியதும் பையையோ செருப்பையோ ஒரு கல்லையோ வட்டத்தில் வைத்துவிட்டு ஆட்கள் மரநிழலுக்கு ஒதுங்கினார்கள். இடைவெளி விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவை செருப்புகளே. மே மாதம் மதுக்கடை வாசலில் நின்ற வரிசைக்குக் கிடைத்த விளம்பரம் இந்த வரிசைக்குக் கிடைக்கவில்லை.

2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்கள் ஊரடங்கிலும் அடுப்பை அணைக்கவில்லை. 1 ரூபாய் இட்லியும் 5 ரூபாய் சாம்பார் சாதமும் பல ஊர்களில் சில காலம் இலவசமாகவே தரப்பட்டன. கோவை வடிவேலம்பாளையத்தில் இட்லிப் பாட்டி என அறியப்பட்ட கமலாத்தாள், உளுந்தும் பருப்பும் விலையேறிய அந்நாட்களிலும் இட்லியை 1 ரூபாய்க்கே விற்றார். மதுரையில் ஒரு முடிதிருத்தக உரிமையாளர் மகளின் படிப்புக்காகச் சேர்த்த 5 லட்சம் ரூபாயை அக்கம்பக்கத்தாருக்கு அரிசி, காய்கறி வாங்கிக் கொடுத்தே செலவழித்தார். கட்சிகளும் தொண்டர்களும் நேரடியாக உணவு வழங்குவதை ஏப்ரல் நடுவில் அரசு ஒழுங்குபடுத்த முனைந்தது. வழக்குத் தொடரப்பட்டு, அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லிவிட்டு வழங்கலாம் என்று உயர் நீதிமன்றம் அனுமதித்தது.

மளிகை, காய்கறிக் கடைகளுக்கான நேரம் ஏப்ரல் 5 முதல் காலை 6 முதல் பகல் 1 மணி வரை என்று குறுகியது. பேருந்து நிலையங்களும் பள்ளி மைதானங்களும் காய்கறிச் சந்தைகளாயின. திருப்பூர் தென்னம்பாளையம் உழவர் சந்தை வாசலில், உள்ளே வருவோர் மேல் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கம் அமைத்தார்கள். மற்ற ஊர்களும் அதைப் பார்த்து அமைக்கத் தொடங்கிய வேளையில், உடம்பில் மருந்தடிப்பது கேடு என்று சொல்லிச் சுகாதாரத் துறை நிறுத்தியது.

சென்னைக்குக் காய்கறி, பழம், பூ வந்து சேரும் கோயம்பேடு சந்தை 1996இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் மொத்த வியாபாரம் ஜார்ஜ் டவுனின் கொத்தவால்சாவடியில் நடந்தது. அன்றும் வியாபாரிகள் இடம் மாற எளிதில் ஒப்பவில்லை. 2020 ஏப்ரலிலும் சந்தையைப் பிரித்து வெளியே கொண்டுபோகும் பேச்சு அவர்களுடைய தயக்கத்தால் இழுபட்டது. இதற்கிடையே சென்னை, கோவை, மதுரையில் ஏப்ரல் 26 முதல் 29 வரையும் சேலம், திருப்பூரில் 28 வரையும் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு 24ஆம் தேதி வந்தது. மறுநாள் கடைகளில் தீபாவளிக்கு முந்தைய நாள்போல் கூட்டம் நெருக்கியது. மாத இறுதிக்குள் கோயம்பேட்டில் சுமை தூக்குவோர், வியாபாரிகள், லாரி ஓட்டுநர்கள் என்று தொற்று வரிசையாகத் தென்பட்டது. சந்தையில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் வழியே கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள திருமழிசைக்கும், பழமும் பூவும் மாதவரத்துக்கும் போயின. திருமழிசையில் தகரக் கொட்டகைகள்தாம். மழை பெய்த நாட்களில் மூட்டை இறக்கிய இடமெல்லாம் சேறானது. செப்டம்பர் 18இல் தானியக் கடைகளும் 28இல் காய்கறி மொத்தக் கடைகளும் கோயம்பேட்டுக்குத் திரும்பின.

தேநீர்க் கடைகள் மே 11 முதல் பார்சலுக்கு மட்டும் திறந்தன. கண்ணாடி டம்ளர் இல்லை, பெஞ்சில் உட்கார முடியாது, பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் போட்டுக் கொடுத்தார்கள். அரசு மதுக்கடைகளான டாஸ்மாக் கடைகள் சென்னை நீங்கலாக மே 7 அன்று திறந்தன. மறுநாளே மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட, உச்ச நீதிமன்றத்தில் தடை பெற்று 16 அன்று மீண்டும் திறந்தார்கள்.

தெருவும் வீடும்

தொற்று கண்ட வீட்டில் மாநகராட்சி ஸ்டிக்கர் ஒட்டியது. சென்னையில் சில தெருக்களில் வீட்டு வாசலையே தகரம் வைத்து அடைத்தார்கள். எதிர்ப்புக்குப் பின் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. களப்பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வீடு வீடாகக் காய்ச்சல், இருமல் விசாரித்தார்கள். அடைபட்ட வீடுகளுக்குப் பாலும் மருந்தும் வாங்கிக் கொடுக்க மாநகராட்சி தன்னார்வலர்களை அமர்த்தியது. சித்த மருத்துவக் கஷாயமான கபசுரக் குடிநீர் தெருமுனைகளில் வழங்கப்பட்டது. சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, கற்பூரவள்ளி, சீந்தில், நிலவேம்பு, கோரைக்கிழங்கு உள்ளிட்ட 15 சரக்குகளின் பொடியை நாலில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சுவது முறை. எதிர்ப்பாற்றலுக்கென்றே அரசு இதைக் கொடுத்தது. குடித்தவர் பலர் மருந்தென்றே குடித்தனர்.

வெளியே திரிந்தவர்களைக் காவலர்கள் தோப்புக்கரணம் போட வைத்த காணொளிகளைத் தொடக்கத்தில் மக்கள் சிரித்துக்கொண்டே பகிர்ந்தார்கள். ஜூன் 19 அன்று, குறித்த நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சாத்தான்குளத்தில் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் காவலில் இறந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. வழக்கு சிபிஐக்குப் போனது.

மார்ச்சில் டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் அமைப்பின் மாநாட்டுக்குச் சென்று திரும்பியவர்களை ஏப்ரல் தொடக்கத்தில் அரசு அறிக்கைகள் தனியாக எண்ணிச் சொல்லின. முஸ்லிம் வியாபாரிகளிடம் காய்கறி வாங்க மறுக்கும் அளவுக்கு அது முற்றியது. பின்னர் அந்தத் தனிக் கணக்கு நிறுத்தப்பட்டது. மாநாட்டுக்குச் சென்று வந்து குணமடைந்தவர்களில் பலர் பிளாஸ்மா தானம் செய்தார்கள்.

ஜூன் 19 முதல் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மீண்டும் முழு ஊரடங்கு என்றதும், இரு சக்கர வாகனத்தில் பாயும் பாத்திரமும் கட்டிக்கொண்டு குடும்பங்கள் தென்மாவட்டங்களுக்குக் கிளம்பின. மாவட்டம் கடக்க வேண்டிய இணைய அனுமதிச் சீட்டான இ-பாஸ் இல்லாதவர்கள் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஊர் சேர்ந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. சென்னையிலிருந்து வந்தவர் என்றால் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கவும் யோசித்தார்கள்.

சாவும் அடக்கமும்

இக்காலத்தின் வெட்கக்கேடு ஏப்ரல் 19 இரவு நடந்தது. தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைச் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் திரண்டது. வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுபோன இடத்திலும் கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் காயமடைந்தார்கள். உடன்வந்த மருத்துவ நண்பர் மருத்துவமனை ஊழியர்களின் துணையுடன் தாமே மண் தள்ளி அடக்கத்தை முடித்தார். ஒரு வாரத்துக்குள், அடக்கத்தைத் தடுப்போருக்கு 3 ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. அதன்பின் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் (தமுமுக) உள்ளிட்ட அமைப்புகளின் தொண்டர்கள் மதம் பாராமல் உடல்களை அடக்கம் செய்தார்கள்.

வழிபாடும் பள்ளியும்

மே 4 அன்று மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் சில பட்டர்களுடன் நடந்தது. பெண்கள் இணையத்தில் பார்த்தபடியே வீட்டில் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அழகர் அவ்வாண்டு வைகையில் இறங்கவில்லை. ரமலான் கஞ்சிக்கு அரசு தரும் அரிசி, பள்ளிவாசல்கள் மூடியிருந்ததால் வீடுகளுக்குப் போனது. வேளாங்கண்ணித் திருவிழா பக்தர்கள் இல்லாமல் நடந்தது.

பத்தாம் வகுப்புத் தேர்வு தள்ளித்தள்ளி வைக்கப்பட்டு ஜூன் 9 அன்று ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80, வருகைக்கு 20 விழுக்காடு என்று கணக்கிட்டு அனைவரும் தேர்ச்சி பெற்றார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது.

பின்னர்

மாவட்டங்களுக்கு இடையிலான இ-பாஸ் செப்டம்பர் 1இல் நீங்கியது. 7ஆம் தேதி முதல் வெளி மாவட்டப் பேருந்துகள் ஓடின. 2021இல் இரண்டாம் அலை வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலையை விலக்கிக்கொண்டது.