பூஜ்யம் வந்த வரலாறு

வீட்டில் திரைப்படம் காண ரிசீவரின் குமிழைத் திருகுங்கால் முகப்பில் கழித்தல் குறியுடன் 40, 30, 20 என எண்கள் ஏறுவதைக் காண்கிறோம். அவை நோக்கிச் செல்லும் பூஜ்யம் எதன் பூஜ்யம்?

நீண்ட கம்பியில் குரல் எவ்வளவு தேய்கிறதென்று கணக்கிட, அமெரிக்கத் தொலைபேசிப் பொறியாளர்கள் 1920-களில் வகுத்த அலகே டெசிபெல். கிரகாம் பெல்லின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. 1933-இல் பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் நம் செவியையே அளந்தனர். ஒலி தாழத் தாழ, மற்றச் சுருதிகளினும் தாழ்சுருதிகளே விரைந்து மறைகின்றன என்பது தெளிவாயிற்று. மெல்ல வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி நாதம் மெலிவது கருவியின் குற்றமன்று!

ஆகவே, ஒலிப்பதிவாளர் கேட்ட உரப்பில் நாமும் கேட்டாலன்றி அவர் அமைத்த சமநிலை நமக்குக் கிட்டாது. ஒலிக்கூடமும் கொட்டகையும் ஒரே அளவில் ஒலிக்கவேண்டுமென்ற ஏற்பாடு 1970-களில் டால்பி நிறுவனத்தாரின் முயற்சியால் பரவியது. சோதனை இரைச்சல் 85 டெசிபெல் காட்டவேண்டும் என்பது விதி. வீட்டு ரிசீவர்கள் பலவற்றில் அவ்விரைச்சல் 10 டெசிபெல் தாழ்த்தித் தரப்படுவதால், நாம் அமரும் இடத்தில், செவியின் உயரத்தில் அளவுமானியைப் பிடித்து, ஒவ்வொரு ஒலிபெருக்கியையும் 75-இல் நிறுத்துகிறோம். அதன்பின் குமிழின் பூஜ்யமே கொட்டகையின் உரப்பு.

ஒரே சுவரைப் பங்கிட்டு, நம் மொழியறியா அண்டைவீட்டாருடன் வாழும் நம்மில் பலர் 20-க்கு மேல் ஏறத் துணிவதில்லை. அங்கும் ஒலிபெருக்கிகளின் பரஸ்பர அளவு குலைவதில்லை. நடு ஒலிபெருக்கியில் வரும் வசனம் செவிக்கு எட்டுகிறது.