கரகாட்டம்

தலையில் ஏற்றிய செம்பைக் கையால் தொடாமலும் கீழே விழவிடாமலும் மேளத்துக்கு ஈடுகொடுத்து ஆடும் தமிழக நாட்டார் ஆட்டம் கரகாட்டம். மாரியம்மன், காளியம்மன் திருவிழாக்களே இதன் பிறந்த வீடு. மதுரை, திண்டுக்கல், தஞ்சாவூர் வட்டாரங்களில் ஆட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இதையே தொழிலாகக் கொண்டிருக்கிறார்கள்.

குடம் எடுத்து ஆடுவது தமிழில் மிகப் பழைய செய்தி. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடிய 11 ஆடல்களில் குடக்கூத்தும் ஒன்று. சிறைப்பட்ட பேரன் அநிருத்தனை மீட்க வாணாசுரனின் நகருக்குப் போன மாயோனாகிய திருமால் ஆடியது அது என்பது கதை. சீர்காழியை அடுத்த திருநாங்கூரில் அரிமேய விண்ணகரப் பெருமாளுக்குக் குடமாடு கூத்தன் என்றே திருப்பெயர். கரகாட்டத்தின் மூலம் இதுதான் என்று சொல்வோர் பலர். ஆனால் குடக்கூத்து திருமாலுக்கு உரியது. கரகமோ அம்மனுக்கு உரியது. அதனால் கரகாட்டத்தின் வேரைக் கோயில் கரகத்தில் தேடுவதே பொருத்தம்.

கோயில் கரகத்துக்குச் சக்தி கரகம் என்று பெயர். ஆற்றிலோ குளத்திலோ நீர் முகந்து, வேப்பிலையும் பூவும் கூம்பாகச் சுற்றிய குடத்தில் அம்மனே இறங்குகிறாள் என்பது நம்பிக்கை. விரதம் இருந்தவர் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பம்பையும் உடுக்கையும் அதிர ஊரைச் சுற்றிக் கோயிலுக்கு வருவார். யாருக்கும் வித்தை காட்டுவதற்காக அல்ல. அருள் வந்தால் கால் தானாக ஆடும். பெங்களூரு தர்மராயர் கோயிலில் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் திகளர் சமூகத்தார் எடுக்கும் கரகமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அங்கே தெய்வம் திரௌபதி. பெண்ணுடை தரித்த பூசாரி கரகம் சுமக்க, உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ்ந்து வருவார்கள். அந்த ஊர்வலம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்வருகிறது.

சாமிக்கு எடுத்த குடம் சனங்களுக்கு முன்னால் ஆடியபோது ஆட்டக்கரகம் ஆனது. இங்கே நீருக்குப் பதில் செம்பில் அரிசியோ மணலோ நிரப்புவார்கள். கனம் இருந்தால்தான் செம்பு தலையில் நிற்கும். அதன் அடிப்பாகத்தை உச்சந்தலைக்குப் படியுமாறு உள்வாங்கித் தட்டியிருப்பார்கள். மேலே அலங்காரக் கூம்பு, அதன் நுனியில் ஒரு கிளி. ஆட்டம் சூடுபிடிக்கும்போது கிளி சுழலும், கழுத்து மட்டும் அசையாது. அந்த நிலையிலேயே பின்னால் வளைந்து தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுப்பதும், தாம்பாளத்தின் விளிம்பில் நின்று ஆடுவதும், ஏணி ஏறுவதும் நடக்கும். நாயனம், தவில், பம்பை, தமுக்கு, தாளம் எல்லாம் சேர்ந்த நையாண்டி மேளம் விடிய விடிய முழங்கும். இந்தப் பயிற்சிக்கு எந்தச் செவ்வியல் ஆட்டமும் மேலானதல்ல.

1989இல் கங்கை அமரன் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’ இளையராஜாவின் இசையோடு பெரும் வெற்றி பெற்றது. கரகத்தைப் பார்த்திராத ஊர்களிலும் அதன் பெயர் தெரிந்தது. ஆட்டக்காரர்களின் வாழ்க்கையில் அதனால் விடிவு வந்துவிடவில்லை. சினிமாப் பாட்டுக்கு ஆடச் சொல்லும் வற்புறுத்தல் கூடியது. கரகத்தோடு சேர்ந்து ஆடும் குறவன் குறத்தி ஆட்டத்தில் இரட்டை அர்த்தப் பேச்சு பெருகியது. ஆபாசம் என்று காவல்துறை அனுமதி மறுப்பதும், நிபந்தனைகளோடு நீதிமன்றம் அனுமதிப்பதும் வாடிக்கையாகிவிட்டன. காசு கொடுத்து அப்படி ஆடச் சொல்பவர்கள் மேல் பழி விழுவதில்லை. மேடையில் நிற்கும் பெண்தான் அதைச் சுமக்கிறாள். இது பெரிய அநியாயம்.

பங்குனியில் தொடங்கி ஆடி வரைதான் இவர்களுக்குச் சம்பாத்தியம். அந்தச் சில மாத வரும்படியில்தான் ஆண்டு முழுவதும் அடுப்பு எரிய வேண்டும். 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கு சரியாகப் பங்குனித் திருவிழாக்களின் தலையில் விழுந்தது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலையும் பல குழுக்களுக்கு வந்தது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நலவாரியம் 2007 முதல் இருந்தாலும், அதில் பதிவு செய்யாதவர்களுக்கு உதவி எட்டவில்லை. அதே 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023 பொங்கலுக்கு மீண்டும் வந்த சென்னை சங்கமம் விழாவில் கரகக் குழுக்கள் பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஆடின. இப்போது சில குழுக்களில் அம்மாவும் மகளும் சேர்ந்தே ஆடுகிறார்கள்.