நன்றிக்கு உரியவர் யார்?

அறுவடை முடிந்ததும் நன்றி செலுத்துவது மாந்தரின் பழைய வழக்கம். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863-இல், அமெரிக்க அதிபர் லிங்கன் அதனைத் தேசிய நாளாக அறிவித்தார். கண்டி மண்ணிலும் இவ்வழக்கம் ஆழ வேரூன்றியது. துருத்துப் பௌர்ணமியில் தலதா மாளிகைக்குப் புத்தரிசி காணிக்கையாகிறது; அதே பருவத்தில் சுற்றியுள்ள மலைகளின் லயங்களில் தைப்பொங்கல் பொங்குகிறது.

ஆயின், லயத்துப் பானையில் ஒரு முரண் உண்டு. தமிழகத்துக் கிராமங்களைவிட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்க்கு இங்கே சொந்த வயல் இல்லை. கடல் கடந்து வந்த அரிசியைத் தோட்டத்துரைமார் அளந்து கொடுத்தனர். அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டனர். 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார் என்று வரலாறு எழுதுகிறது. காடு வெட்டியவர், கொழுந்து பறித்தவர் பெயர்களை அது எழுதவில்லை. பிறர் விளைத்த நெல்லைப் பொங்கி, அம்மக்கள் கதிரவனுக்கு நன்றி கூறினர். தாம் உழவர் மரபினர் என்ற நினைவையே அந்நம்பிக்கை காத்தது.

அவர்களுக்கு நாடு காட்டிய நன்றி என்ன? 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது; அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி ஒத்திவைக்கப்பட்டது. பண்டம்போல் பங்கிடப்பட்டோரின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

இன்று தைப்பொங்கல் இலங்கையில் பொது விடுமுறை நாள். அது மதிப்புக்குரிய அறிகுறியே. ஆனால் தலைமுறை தலைமுறையாக உழைத்தும் காணியுறுதி இல்லாமல் லயத்தில் வாழும் குடும்பங்கள் இன்னும் உள. கதிரவனுக்குத் தம் கடனைத் தவறாமல் செலுத்திய அம்மக்களுக்கு, நாடு செலுத்தவேண்டிய கடன் நிலுவையிலேயே இருக்கிறது.