பெயரும் பேச்சும்

அந்நாளில் ஒருவனை எப்படி அழைப்பது என்பதை ஊரே தீர்மானித்தது. நரைத்த தலையினரான நம் பாட்டன்மாரைப் பண்ணை வீட்டுச் சிறுவனும் 'அடே' என்றான். அவர்களோ அவனைச் 'சின்ன ஆண்டை' என்று விளித்தனர். செய்தி எதுவாயினும், உயர்வு தாழ்வு முதற்சொல்லிலேயே முடிவாகிவிட்டது.

இவ்வழக்கை அச்செழுத்தால் எதிர்த்த முன்னோருள் இருவர் மைத்துனர்கள். இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். ஏசுவோர் வாயிலிருந்த சொல்லைத் தாமே முகப்பில் பொறித்த துணிவு அது! அயோத்திதாசப் பண்டிதரோ அதனைப் பிறர் சுமத்திய இழிபெயரென மறுத்தார். 1907 ஜூன் 19-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அவர் வெளியிட்ட 'ஒரு பைசாத் தமிழன்', மறு ஆண்டில் 'தமிழன்' ஆயிற்று. கூலித் தொழிலாளரும் வாங்கத்தக்க விலை. கோலார் தங்கவயலில் அதற்கு வாசகர் மிகுதி.

எவர் வழி சரி என்று இன்றும் வழக்காடுவோர் உளர். நம்மை அழைக்கும் சொல்லை நாமே தெரிந்துகொள்வோம் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர் என்றே யான் கருதுகிறேன்.

1922-இல், எம்.சி. ராஜாவின் முயற்சியால், பறையர், பஞ்சமர் என்பவற்றுக்கு மாற்றாக 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரைச் சென்னை அரசு ஏற்றது. ஏட்டில் பெயர் மாறிற்று. களத்துமேட்டில் 'அடே' பின்னும் பல்லாண்டு ஒலித்தது.