ஒரே குழாயில் எல்லா விளக்கும்

சென்ற வருஷம் நண்பர்கள் சிலர் என் நாடகம் ஒன்றை மேடையேற்றினார்கள். இரண்டாம் அங்கத்தில் பெரியவர் ஒருவர் பிள்ளையின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருப்பார். அவர்மேல் மட்டும் மங்கலான மஞ்சள் வெளிச்சம் விழ வேண்டும். விழுந்தது. ஆனால் அதே கணத்தில் மேடையின் மறுகோடியிலும் விழுந்தது. அங்கே அடுத்த காட்சிக்காக இருட்டில் காத்திருந்த கடன்காரர் வேஷ்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். சபை சிரித்தது. பெரியவரும் சிரித்துவிட்டார். நான் ஒருவன்தான் சிரிக்கவில்லை.

இடைவேளையில் விளக்குப் பொறுப்பில் இருந்த பையனைப் பிடித்துக்கொண்டேன். “ரெண்டு லைட்டுக்கும் ஒரே நம்பர் விழுந்துடுச்சு ஸார்” என்றான் அவன், கொஞ்சமும் கலவரப்படாமல்.

இப்போதெல்லாம் மேடை விளக்குகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒரே கம்பியால் பூமாலை மாதிரி கோத்துவிடுகிறார்கள். தபால்காரர் தெருக்கோடியில் நின்று எல்லாக் கடிதங்களையும் உரக்கப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கதவிலக்கம் வரும்போது மட்டும் காது கொடுக்கிறார்கள். அப்படித்தான் இதுவும். ஒரு கம்பியில் 512 இலக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் அளவு. ஒரு விளக்குக்கு ஆறு இலக்கம் தேவையென்றால், 1-இல் தொடங்கும் விளக்குக்கு அடுத்தது 7-இல் தொடங்க வேண்டும். இரண்டு வீட்டுக்கு ஒரே கதவிலக்கம் வைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சபையோர் பார்த்து ரசித்தார்கள். கடைசி விளக்கில் 120 ஓம் தடை கொண்ட ஒரு சின்ன அடைப்பானும் செருக வேண்டுமாம். இல்லாவிட்டால் போன சேதி கிணற்றில் போட்ட குரல் போலத் திரும்பி வந்து விளக்குகளைச் சிமிட்ட வைக்குமாம்.

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் 1986-இல் வகுக்கப்பட்டது. ஆனால் எல்லா விளக்கையும் ஒரே இடத்திலிருந்து ஆட்டி வைக்க வேண்டும் என்ற ஆசை அதைவிட மிகப் பழையது. 1817-இல் லண்டன் நாடகமேடைகளில் காஸ் விளக்கு வந்தபோதே அந்த ஆசை பலிக்கத் தொடங்கிவிட்டது. மெழுகுவர்த்தியைத் தனித்தனியாக அல்லவா அணைக்க வேண்டும்? காஸுக்குக் குழாயைத் திருகினால் போதும், சூரியாஸ்தமனம் தயார்.

அதன் விலையை 1881 டிசம்பர் 8-ஆம் தேதி வியன்னா நகரம் கொடுத்தது. ரிங் தியேட்டரில் ஆஃபன்பாக் என்பவரின் இசை நாடகம் இரண்டாம் முறையாக நடக்கவிருந்தது. மேடைக்கு மேலே வரிசையாக இருந்த காஸ் விளக்குகளை மின்பொறியால் பற்ற வைப்பார்கள். அன்று பொறி பற்றவில்லை. காஸ் கசிந்துகொண்டே இருந்தது. மறுபடியும் முயன்றார்கள். திரைச்சீலைகள் பிடித்துக்கொண்டன. யாரோ காஸின் தலைக்குழாயை அடைத்தார்கள். கெட்ட எண்ணமில்லை, தீக்குத் தீனி போடக்கூடாது என்பதுதான். ஆனால் எல்லாம் ஒரே குழாய் அல்லவா? மாடிப்படி, நடை, வாசல் எல்லாம் ஒரே கணத்தில் இருண்டுவிட்டன. ஆபத்துக்கென்று வைத்திருந்த எண்ணெய் விளக்குகளை யாரும் ஏற்றியிருக்கவில்லை. வெளியே அதிகாரிகள், எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கக் கணக்குப்படி இறந்தவர்கள் 384 பேர்.

லண்டன் ஸவாய் தியேட்டரில் அரங்கத்துக்கு அக்டோபரிலேயே மின்விளக்கு வந்துவிட்டது. மேடைக்கு வந்தது டிசம்பர் 28-இல், வியன்னாவுக்கு இருபது நாள் கழித்து. அன்று முதலாளி டாய்லி கார்ட் மேடைக்கு வந்து, எரிகிற பல்பைத் துணியில் சுற்றி உடைத்து, துணி பொசுங்கவில்லை என்று காட்டினார். சபை கைதட்டியது. அந்தக் கைதட்டலில் பாதி பயம் தெளிந்த பெருமூச்சாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு நடந்ததெல்லாம் சௌகரியத்தின் சரித்திரம். நியூயார்க்கில் பியானோப் பெட்டி போன்ற பலகைகளைச் சுற்றி நின்று, ஆட்கள் கைப்பிடிகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 1975-இல் ‘எ கோரஸ் லைன்’ நாடகத்துக்கு விளக்கு அமைத்த தாரன் மஸ்ஸர் என்ற அம்மாள் அந்த வேலையைக் கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் ஏற்றினார். பிராட்வேயில் அதுதான் முதல் தடவை.

நாடகம் முடிந்ததும் பையன் ஒவ்வொரு விளக்கின் முதுகிலும் இலக்கம் எழுதிய காகிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தான்.

“கம்பி சொன்னது விளக்குக்குச் சரியாகக் கேட்டதா என்று உனக்கு எப்படித் தம்பி தெரியும்?”

“தெரியாது ஸார். இது சொல்லும், அது பதில் சொல்லாது. அதனாலதான் வெடி, நெருப்பு சமாசாரத்தை இதுல கோக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு.”

தலைக்கு மேலே, கதவுக்கு மேல் பச்சையாக எரிந்துகொண்டிருந்த வாசல் விளக்கைக் காட்டினேன். “அது?”

“அது தனி லைன் ஸார்” என்றான்.