அறிதல் என்னும் அளவுகோல்: அறிவுசார் குறைபாடும் குற்றப் பொறுப்பும்

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, சித்த சுவாதீனமின்மையால் தன் செயலின் இயல்பையோ அது தவறு என்பதையோ அறிய இயலாதவரின் செயல் குற்றமாகாது என வகுத்தது. இச்சட்டத்தைத் தழுவிய தண்டனைச் சட்டம் 1872இல் சிங்கப்பூரிலும் நடைமுறைக்கு வந்தது. அறிதலே இப்பிரிவின் அளவுகோல். அறிந்திருந்தும் விளைவைச் சீர்தூக்கவோ பிறர் வற்புறுத்தலை மறுக்கவோ இயலாதவர் இதன் வரம்புக்குள் வருவதில்லை.

இந்த இடைவெளியை மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கம் வழக்கு வெளிப்படுத்துகிறது. 2009இல் 42.72 கிராம் ஹெராயினுடன் சிங்கப்பூரில் கைதான அவருக்கு 2010இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய நுண்ணறிவு ஈவு 69 என மதிப்பிடப்பட்டிருந்தது. போதைப்பொருளைக் கொண்டுசென்றதோடு நின்றவரின் பொறுப்புணர்வு மனப்பிறழ்வால் பெரிதும் குன்றியிருப்பின் ஆயுள் தண்டனை வழங்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது. ஆயினும் அவர் தவற்றை அறிந்தே, திட்டமிட்டுச் செயல்பட்டார் என நீதிமன்றம் முடிவு செய்தது. விதி புதியதாயினும் பழைய அளவுகோலே வலுப்பெற்றது. 2022 ஏப்ரல் 27 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

இந்தியாவில் 2008ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், தன்னைத் தற்காத்துக்கொள்ள இயலாதோர் மீதான விசாரணை குறித்த விதிகளில் மனவளர்ச்சிக் குறைவையும் சேர்த்தது. 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அதனை அறிவுசார் குறைபாடு என்கிறது. குற்றப் பொறுப்பை வரையறுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவிலோ சித்த சுவாதீனமின்மை என்ற பழைய சொல்லே நீடிக்கிறது. விசாரணைக்கான தகுதியை ஆராயும்போது பெயர் பெறும் குறைபாடு, குற்றப் பொறுப்பை முடிவு செய்யும்போது பெயரற்றே நிற்கிறது.